பெலிம்பிங் பழம் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

முதல் விக்கல் காருக்குள் வந்தது. சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் சேவியர் வண்டியை ஓட்டினார். நான் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு விக்கல் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. சாதாரண விக்கல்தான், யாருக்கும் வருவதுதான்.

விக்கல் எடுத்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்போம். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நினைப்பவரின் பெயரைச் சொன்னதும் விக்கல் நின்றுவிடும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இது சிறு வயது முதல் விளையாட்டு.

"ஒன் மவன்தான் நெனைக்கிறான் போல" என்றார் அவர்.

"ஆல்பர்ட்" என்றேன். விக்கல் நிற்கவில்லை. என் தொழிற்சாலைத் தோழிகள், கோயில் பாட்டுக்குழுப் பெண்கள், அவருடைய தங்கைகள் என்று வரிசையாகச் சொன்னோம். கடைசியில் ஜொகூரில் வேலை செய்யும் மகனுக்கே போன் போட்டுக் கேட்டார். "நான் இப்பதாம்ப்பா தூங்கி எந்திரிச்சேன். யாரையும் நெனைக்கல லா" என்றான் அவன். மூன்று பேரும் சிரித்தோம்.

நாங்கள் பெயர் சொல்லி விளையாடிய நேரமெல்லாம் என் ரத்தத்தில் ஒரு நஞ்சு ஏறிக்கொண்டிருந்தது.

டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்வது) செய்துகொள்பவர்களுக்காகவும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தைரியமாக இருங்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள், இனிமேல் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நான் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அந்தக் கதவை எப்படித் திறந்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் ஜெசிந்தா. ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வேலை கற்றுக்கொடுத்த புத்தியோ பிறவிப் புத்தியோ தெரியவில்லை, ஓட்டை இல்லாத இடத்திலும் ஓட்டை தேடுவேன். மகன் பள்ளிவிட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். வீட்டில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். அது உண்மைதான்.

நோய் வந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை. சப்பாத்து இறுகியது. நிற்கிற வேலை, அதனால்தான் கால் வீங்குகிறது என்று ஒரு அளவு பெரிய சப்பாத்து வாங்கினேன். முகமும் வீங்கியபோது கிளினிக்குக்குப் போனேன். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு) தேங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன என்று அங்கே சிறுநீரக மருத்துவர் சொன்னார். அழாமல் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் அழுதேன்.

அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என் நாள்கள். வீட்டுக்கு அருகிலிருந்த டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு ஆகாது. அவற்றில் பொட்டாசியம் (கூடினால் இதயத்தையே நிறுத்திவிடும் உப்பு) அதிகம். உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். பயந்தவள் நல்ல நோயாளியாக இருப்பாள்.

பயம் என்னை வேறு வழியிலும் ஆட்டி வைத்தது. வாயுப் பிடிப்பு வந்தால் மாரடைப்பு என்று அவசரப் பிரிவுக்கு ஓடுவேன். கை மரத்துப்போனால் பக்கவாதம் என்று ஓடுவேன். ஒவ்வொரு முறையும் பரிசோதித்துவிட்டு, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். "அங்க ஒனக்குன்னு ஒரு கட்டில் போட்டுப் பேர் எழுதி வச்சிருக்காங்க" என்று அவர் கேலி செய்வார். கோபமில்லாத கேலிதான். இரவெல்லாம் கூட உட்கார்ந்துவிட்டு, காலையில் தொழிற்சாலை பஸ் ஓட்டப் போகிற மனிதர் அவர். அவர் கண் சிவந்திருப்பதைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. இனி எதற்கும் ஓடக்கூடாது, தாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஆட்களிடம் அதற்குத்தான் மதிப்பு. காய்ச்சலோடு ரப்பர் பால் வெட்டப் போன பெண், பிரசவத்துக்கு முதல் நாள்வரை வாளி சுமந்த பெண் என்று பெருமையாகப் பேசுவார்கள். அவ எதையும் தாங்குவா என்பதுதான் எங்களில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு. என் அக்கா பிலோமினா அந்தப் பாராட்டை நிறைய வாங்கியவள். எனக்கு ஒரு முறையும் கிடைத்ததில்லை. கிடைக்கட்டுமே என்று தோன்றியது. அந்த ஆசை வந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஞாயிறும் வந்தது.

நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமே இல்லை, எல்லாம் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். சின்னக் கோயில் மட்டும் இருக்கிறது. வருடத்தில் ஒரு ஞாயிறு அங்கே திருவிழாப் பூசை நடக்கும். ஈப்போ, தைப்பிங், பாரிட் புந்தார் என்று பிரிந்துபோனவர்கள் அன்றைக்கு வந்து கூடுவார்கள். பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் அக்கா வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு.

அக்கா எனக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாமல் சமைத்திருந்தாள். உருளைக்கிழங்கை முந்தின நாளே ஊறவைத்தாளாம். வாழைப்பழச் சீப்பை என் கண்ணில் படாமல் அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டாள். அவ்வளவு கவனம்.

அன்று நல்ல வெயில். பூசை முடிந்து வந்தபோது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் பங்குத் தண்ணீரை ஏற்கெனவே முக்கால்வாசி குடித்திருந்தேன். டயாலிசிஸ் தாகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் தம்ளரைப் பார்த்தால்கூட எரிச்சல் வரும்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு பெலிம்பிங் மரம் நிற்கிறது. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல் வருமே, அந்தப் பழம். பிரஷருக்கு நல்லது என்று எங்கள் பக்கம் சாறு பிழிந்து குடிக்காத வீடு இல்லை.

"இத வாயில போட்டுச் சப்பு ஜெசி. தாகமும் அடங்கும், ஒன் பிரஷருக்கும் நல்லது" என்று தட்டில் நறுக்கி வைத்தாள் அக்கா.

"சாப்பிடக்கூடாத பழத்துல இது இல்லையே?"

"வாழப்பழம், ஆரஞ்சுதான சொன்ன? இது வெறும் புளிப்புத் தண்ணி லா."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எந்தப் பழம் ஆகாது என்று சொன்னபோது இதையும் சொன்னார்களோ, என் காதில்தான் ஏறவில்லையோ, தெரியாது. மனத்தில் பதிந்திருந்தது வாழைப்பழமும் ஆரஞ்சும்தான். ஒரு துண்டைச் சப்பினேன். தொண்டைக்குள் குளிர்ச்சி இறங்கியது. தட்டு காலியானதும் அக்கா இன்னும் இரண்டு பழம் நறுக்கினாள். மாதக் கணக்கில் அப்படி வாய் நிறைந்து நான் எதையும் சாப்பிட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் விக்கல் தொடர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சீனி கொடுத்தார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். தண்ணீர் குடி என்று ஒரு பெரிய தம்ளரை நீட்டியபோது வேண்டாம் என்று பெருமையாக மறுத்துவிட்டேன், அளவு தாண்டக்கூடாதே என்று. விஷத்தை வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் கால் விரல்கள் மரத்திருந்தன. குமட்டியது. என்னவோ சரியில்லை என்று உள்ளே மணி அடித்தது. அந்த மணி ஆயிரம் முறை பொய்யாக அடித்திருக்கிறதே, இன்றைக்கு அதன் பேச்சைக் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நாளை செவ்வாய்தானே, இயந்திரத்தில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "எப்டி இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, நீங்க வேலைக்குப் போங்க" என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் தைரியசாலியாக இருந்தேன். அது அந்தத் திங்கள்கிழமை.

இதற்கு மேல் எனக்கு நினைவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும்.

பசியாற உட்கார்ந்தவருக்குத் தேநீரைத் தட்டில் ஊற்றினேனாம். கேட்டதற்கு, ஓட்டைக் கையுறையை எல்லாம் தனியாக எடுத்து வையுங்கள் என்றேனாம். முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்தவர், என் கண்ணைப் பார்த்ததும் டயாலிசிஸ் மையத்துக்குப் போன் போட்டார். அங்கே மூத்த தாதி கமலா எடுத்திருக்கிறார். மிஸ்ஸி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம்.

"விக்கலா? எப்பேர்ந்து, அண்ணே?"

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து, மிஸ்ஸி. பேச்சும் கொழறுது."

"நாளைக்கு வரைக்கும் வச்சிருக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அவசரப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். விக்கல் என்றதும் அவர் மலாயில் கேட்ட முதல் கேள்வி, பெலிம்பிங் சாப்பிட்டாரா என்பது. என் வீட்டுக்காரர் இல்லையென்று தலையாட்டிவிட்டார். சோறு, மீன் குழம்பு, கோஸ் என்று சாப்பாட்டை எல்லாம் ஒப்பித்தார். தாகத்துக்குச் சப்பிய பழம் அவர் கணக்கில் சாப்பாடாகவே இல்லை. மருத்துவர் விடாமல் மறுபடி கேட்டபோதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்து, "ஆமா" என்றிருக்கிறார். அவர் ஆமா சொன்ன கையோடு எனக்கு வலிப்பு வந்ததாம். கட்டில் ஆடியது என்றார். அதற்கு மேல் அவர் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

கண் விழித்தபோது கூரையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என்ன நாள் என்று ஒரு தாதி கேட்டார். ஞாயிறு என்றேன். இல்லை, வெள்ளி என்றார். நடுவில் இருந்த நாள்களை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டார்கள். இயந்திரத்தில் மறுபடி மறுபடி ஏற்றி என் ரத்தத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். விக்கல் நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றதாம்.

சிறுநீரக மருத்துவர் கட்டிலருகே நின்று விளக்கினார். "அந்தப் பழத்துல நரம்பையும் மூளையையும் தாக்குற நஞ்சு ஒண்ணு இருக்கும்மா. சிறுநீரகம் நல்லா இருக்கிறவங்களுக்கு அது மூத்திரத்தோட வெளிய போயிடும். உங்களுக்கு வெளிய போக வழியில்ல. மெஷின்தான் வழி. இன்னும் ஒரு நாள் தள்ளி வந்திருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

ஒரு நாள் தள்ளி என்றால் செவ்வாய். நான் காத்திருக்க நினைத்த நாள்.

வீட்டுக்கு வந்தேன். இடது கை விரல் நுனிகள் மரத்தே இருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதெல்லாம் போகப் போகச் சரியாகும் என்றார்கள். சரியாகாத விஷயம் வேறு. எதையும் என்னால் வாயில் வைக்க முடியவில்லை. தட்டில் இருக்கிற கீரை, மீன், ஒரு துண்டு வெள்ளரிக்காய், எல்லாம் என்னைக் கொல்லக் காத்திருப்பது போல் இருந்தது. வெறும் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிடுவேன். முன்பெல்லாம் என் பயத்தைத்தான் நம்பாமல் இருந்தேன். இப்போது என் தைரியத்தையும் நம்ப முடியவில்லை. எப்போது கத்த வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்ல உள்ளே ஆளே இல்லாமல் போயிற்று.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. போனும் செய்யவில்லை. எனக்குக் கோபம் பொங்கியது. பழத்தை நறுக்கிக் கொடுத்தவள், செத்தேனா பிழைத்தேனா என்று பார்க்கவாவது வரலாமே.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர், "போலாமா?" என்று கார் சாவியை எடுத்தார். நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன்.

சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் சிலருக்கும் இப்படி ஒரு காலை வந்திருக்கும். களைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஊசி, இயந்திரம், ஒவ்வொரு கவளத்திலும் சந்தேகம். பயப்படுவதற்கும் உடம்பில் பலம் வேண்டியிருக்கிறது. என்னிடமிருந்த பலம் தீர்ந்துவிட்டது.

அவர் கதவைத் தட்டினார். கெஞ்சினார், திட்டினார், மறுபடி கெஞ்சினார். மிஸ்ஸி கமலாவுக்குப் போன் போட்டுக் கதவிடுக்கில் வைத்தார். "அக்கா, ஒரு தடவ விட்டா நெஞ்சுல தண்ணி சேரும். படுத்தா மூச்சு வாங்கும். ஒங்களுக்குத் தெரியாதது இல்ல" என்று குரல் வந்தது. நான் அந்தச் சனிக்கிழமை போகவில்லை.

ஞாயிறு கடந்து திங்களன்று மிஸ்ஸி சொன்னபடியே ஆனது. படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சாக இழுத்தேன். கதவு அப்போதும் தாழிட்டுத்தான் இருந்தது. சாப்பாட்டை நான் தேடவில்லை; குளியலறை அந்த அறைக்குள்ளேயே இருந்தது என் பிடிவாதத்துக்கு வசதியாகப் போயிற்று. ஆம்புலன்சைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கப் போகிறேன் என்று அவர் வெளியே கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நடையை வைத்தே அக்கா என்று தெரிந்துகொண்டேன்; அவர்தான் போன் போட்டு வரவழைத்திருக்க வேண்டும்.

"ஜெசி, நான் வந்திருக்கேன்."

தலையணையில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கோவமா?"

"ஆமா."

"இருந்துக்க." நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவுக்கு வெளியே உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ வந்தேன். வாசல் வரைக்கும். உள்ள வரப் பயமா இருந்துச்சு. என்னையப் பாத்து நீ என்ன சொல்லுவியோன்னு."

"நான் பேச்சு மூச்சில்லாம கெடந்தேன். என்னத்தச் சொல்லப் போறேன்."

"எனக்கு எப்டித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வருவது போல் இருந்தது. மூச்சில்லாததால் இருமல்தான் வந்தது. இருமலைக் கேட்டதும் அவள் எழுந்து கதவோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"இங்க பாரு ஜெசி. நீ போகலன்னா, அக்கா குடுத்த பழத்தாலதான் தங்கச்சி செத்தான்னு சொல்லுவாங்க. நான் எப்டிக் கோயிலுக்குள்ள காலெடுத்து வைப்பேன்? ராத்திரி எப்டிக் கண்ண மூடுவேன்? எனக்காவ ஒரு தடவ போயி உக்காரு. அப்பறம் ஒன் இஷ்டம்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நான் இங்கே மூச்சுக்குத் தவிக்கிறேன், இவளுக்குக் கோயிலும் ஊர்ப் பேச்சும் பெரிதாகப் போய்விட்டன. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். கதவைத் திறந்தேன்.

நான் பார்த்தது வேறொரு அக்காவை. கழுத்தெலும்பு தெரிந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளை லயத்து வீட்டில் பெற்றுவிட்டு ஒரு வாரத்தில் பால் வெட்டப் போனவள். தன் வீட்டுக்காரர் செத்த அன்று எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தவள்.

"எனக்குப் பயமா இருக்கு ஜெசி" என்றாள். "ஒவ்வொரு நாளும் போன் அடிச்சா, இதான் அந்தச் சேதின்னு நெனச்சுக்கிறேன்."

அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் குடும்பத்தில் அது என் ஒருத்திக்குச் சொந்தமான வார்த்தை. கேட்க நினைத்த நாலு வார்த்தையும் மறந்துபோனது.

"எனக்கும்தான்க்கா" என்றேன். "ரொம்ப."

அவர் ஓடிப்போய்க் காரை எடுத்தார்.

மையத்துக்குப் போகும் வழியில் அக்கா என் கையை விடவில்லை. இருவருக்குமே பயம், யார் யாருக்கு ஆதரவு என்று சொல்ல முடியாது. எனக்குள் எந்த தைரியமும் பிறந்துவிடவில்லை. அது பிறந்த பிறகுதான் போவேன் என்று இருந்திருந்தால் இன்னும் அந்த அறையில்தான் இருந்திருப்பேன், அல்லது இருந்திருக்கவே மாட்டேன். ஒருத்திக்காகப் போனேன். அதுவும் கோபத்தோடு போனேன். உள்ளே இருந்து எழுகிற வலிமை என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் அது வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்காகப் போ என்று நச்சரித்தது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பெலிம்பிங்கைத் தொடாதீர்கள். உங்களுக்கு விக்கல் வந்து நிற்காமல் போனால், யார் நினைக்கிறார்கள் என்று தேடாமல் முதலில் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். நம்மில் பலர் வலியைச் சொல்லாமல் இருப்பதை நல்ல குணம் என்று நம்பி வளர்ந்தவர்கள். இந்த நோய்க்கு அந்தக் குணம் ஆகாது. இப்போது கால் விரல் மரத்துப்போனால் உடனே சொல்லிவிடுகிறேன். அவர் கேலி செய்வதில்லை. "எந்த வெரலு?" என்று கேட்கிறார். அக்கா தினமும் காலையில் போன் செய்து, என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கிறாள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. போன் வராவிட்டால் நானே கூப்பிடுகிறேன்.

இடது கை விரல் நுனியில் மரப்பு இன்னும் இருக்கிறது. அரிசி களையும்போது அந்த விரல்களுக்குத் தண்ணீர் குளிர்ச்சியா சூடா என்று தெரிவதில்லை. மற்ற விரல்கள் சொல்கின்றன. உடம்பு முழுக்க ஒரே ஆள் என்று நினைத்திருந்தேன். இப்போது ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கிற பல பேர் என்று தோன்றுகிறது.

அன்றைக்கு, அக்கா வந்து என்னைக் கதவைத் திறக்க வைத்த திங்கள்கிழமை, என் முறை இல்லாதபோதும் மிஸ்ஸி கமலா டாக்டரிடம் பேசி எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டினார். கையில் இரண்டு ஊசியும் ஏறின. இயந்திரம் ஓடத் தொடங்கியது. ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்று அக்கா வெளி நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொண்டாள்.

நாற்காலியில் ஏறிய முதல் நாளிலிருந்து நான் கண்ணை மூடியதில்லை. மற்றவர்கள் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நான் சிவப்புக் குழாயையும், இயந்திரத்தில் குறைந்துகொண்டே வரும் நேரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இருப்பேன். குழாய் கழன்றால்? காற்றுக் குமிழி போனால்? ஒவ்வொரு நிமிடத்தையும் நான் பிடித்துத் தள்ளினால்தான் நகரும் என்பது போல.

அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூச்சு மெல்ல மெல்ல இலகுவாயிற்று. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கனம் இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்காவின் உதடுகள் அசைந்தன.

தோளில் ஒரு கை பட்டது. மிஸ்ஸி ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். ரத்தம் இருக்கும் பக்கம் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சா? எவ்ளோ நேரம் ஆச்சு?" என்றாள்.

சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியலக்கா" என்றேன். "நான் தூங்கிட்டேன்."